சத்தத்துக்கு இடம் எங்கே? அடுக்குமாடியில் இருந்துகொண்டு தச்சு வேலை செய்ய நினைப்பவர்களுக்கு

போன மாதம் தம்பி முறை வரும் உறவினர் ஒருவர் போன் செய்தார். மேடவாக்கத்தில் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் குடியிருக்கிறார். கரோனா காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்தபோது ஒரு முக்காலி செய்து பார்த்தார். அன்றிலிருந்து மர வேலையில் மனம் ஒட்டிக்கொண்டது. வீட்டில் இடம் போதவில்லை.

"அண்ணா, தெருமுனையில பத்துக்குப் பத்து ஷட்டர் கடை ஒண்ணு காலியா இருக்கு. ஏழாயிரம் வாடகை, பத்து மாச அட்வான்ஸ். நாளைக்கே டோக்கன் குடுத்துடலாமா?"

"தம்பி, ஒரு வாரம் பொறு. அதுக்குள்ள, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு ஒரு நோட்டு போடு" என்றேன்.

அவரிடம் ஒரு மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். நானும் அடுக்குமாடியில் இரண்டாவது மாடியில் இருப்பவன். பன்னிரண்டு வருடமாக மர வேலை செய்கிறேன். பிழைப்புக்காக அல்ல, பிடித்துப்போய். இடத்துக்காக நான் அலைந்த அலைச்சலில் கற்றுக்கொண்டது ஒன்றுதான். நமக்குப் பட்டறை வேண்டும் என்று நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் நமக்கு வேண்டியது மாதத்தில் சில மணி நேரம் சத்தமும் தூசும் போட ஓர் இடம். மற்ற வேலைக்கு வீடே போதும்.

நோட்டுப் போடச் சொன்னது இதற்காகத்தான். என் மகளுக்குப் படிப்பு மேசை செய்தபோது நான் எழுதிவைத்த கணக்கு இப்படி இருந்தது. நான்கு அடி நீளம், இரண்டு அடி அகலம். பழைய வீடு இடித்த இடத்தில் வாங்கிய தேக்குச் சட்டத்தில் கால்கள், ரப்பர் மரப் பலகையில் மேல்தளம். அளவெடுத்துக் குறி போட ஒன்றரை மணி நேரம். மரத்தை அளவுக்கு அறுக்க ஐம்பது நிமிடம். மெஷினில் இழைத்துக் கனம் சமப்படுத்த நாற்பது நிமிடம். துளையும் நாக்குமாக மூட்டுகள் போட ஏழு மணி நேரம். சாண்டர் மெஷினில் தேய்க்க இரண்டரை மணி நேரம். மூன்று கோட் பூச, கை வேலை மட்டும் கணக்கிட்டால், ஒன்றரை மணி நேரம். ஆக மொத்தம் பதினான்கு மணி நேரம். இதில் ஊரைக் கூட்டும் சத்தம் நான்கு மணி நேரம்தான். சாண்டரைக் குறைத்து, நன்றாகத் தீட்டிய இழைப்புளியால் மேற்பரப்பை முடித்திருந்தால் அதுவும் இரண்டரை மணி நேரமாகியிருக்கும்.

இரண்டரை மணி நேரச் சத்தத்துக்காக மாதம் ஏழாயிரம் வாடகை கட்டுவதா என்பதுதான் கேள்வி. சிலருக்கு அது சரியான முடிவாகவும் இருக்கலாம். ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

வீட்டுக்குள்ளேயே

பால்கனி அல்லது ஒரு அறையின் ஓரம். வாடகை கிடையாது, போய்வரும் நேரம் கிடையாது. இரவு எட்டு மணிக்கு அரை மணி நேரம் கிடைத்தாலும் ஒரு மூட்டு வேலையை முடிக்கலாம். இந்தக் கடைசி விஷயத்தின் மதிப்பு போகப்போகத்தான் தெரியும். கைவேலையில் தேர்ச்சி என்பது தினமும் தொடுவதால் வருவது. வாரம் ஒருமுறை பட்டறைக்குப் போகிறவனைவிட தினம் இருபது நிமிடம் உளி பிடிக்கிறவன் சீக்கிரம் முன்னேறுவான்.

தடை சத்தம்தான். ஆனால் எந்தச் சத்தம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இது எனக்குப் புரிந்தது ஒரு மதிய நேரத்தில். மெஷின் எதுவும் போடவில்லையே என்ற தைரியத்தில், மேசைக் காலில் துளை போட உளியைக் கொட்டாப்புளியால் அடித்துக்கொண்டிருந்தேன். கீழ் வீட்டு அம்மா மேலே வந்தார். கோபமாக இல்லை. "தம்பி, என்னமோ இடிக்கிற மாதிரி இருக்கு. பேரன் இப்பதான் தூங்கினான்" என்றார். கீழே போய் அவர்கள் அறையில் நின்று, என் மனைவியை மேலே இரண்டு அடி அடிக்கச் சொன்னேன். அதிர்ந்துபோனேன். என் அறையில் டொக் டொக் என்று கேட்டது அங்கே சீலிங்கே பேசுவதுபோல் கேட்டது.

காற்றில் வரும் சத்தத்தை மூடிய கதவும் சுவரும் ஓரளவு தடுத்துவிடும். தளத்தில் இறங்கும் அதிர்வை அவை தடுக்காது. கான்கிரீட் அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதனால் அடுக்குமாடியில் முதல் எதிரி அடி, இரண்டாவது எதிரிதான் மெஷின். அன்றைக்குப் பிறகு நான் துளையின் பெரும்பகுதியைத் துரப்பணத்தால் (டிரில் மெஷின்) குடைந்து எடுத்துவிட்டு, ஓரங்களை மட்டும் உளியைக் கையால் அழுத்திச் செதுக்குகிறேன். நடு அறையில் இருந்த வேலை மேசையைச் சுவர் ஓரம், தூணும் பீமும் இருக்கும் மூலைக்கு நகர்த்தினேன். தளம் அங்கே குறைவாக அதிரும். மேசையின் நான்கு காலுக்கும் அடியில் கனமான ரப்பர் துண்டுகள். மேசையைச் சுவரில் ஒட்டவைக்காமல் நான்கு விரல் இடைவெளி விட்டேன். அதன் பிறகு அந்த அம்மா அதற்காக மேலே வரவில்லை. நானாகப் போய் இரண்டு முறை கேட்டும் வந்தேன்.

மேசையே வேண்டாம் என்றும் சொல்லலாம். நம் ஊர்த் தச்சர்கள் தலைமுறை தலைமுறையாகத் தரையில் உட்கார்ந்து, மரத்தைக் காலால் பிடித்துக்கொண்டு இழைத்தவர்கள். ஒரு கட்டை, ஒரு பாய், அவ்வளவுதான். சின்ன சாமான்கள் செய்ய ஃபிளாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது. முட்டி ஒத்துழைக்க வேண்டும், அது வேறு கதை.

மெஷின் சத்தத்துக்கு வருவோம். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. கையில் பிடிக்கும் கட்டிங் மெஷின் பக்கத்தில் நின்றால் நூறு டெசிபலைத் தொடும். மரத்தில் பள்ளம் வெட்டும் ரவுட்டரும் ஆங்கிள் கிரைண்டரும் சளைத்தவை அல்ல. இவற்றை ஃபிளாட்டில் "பத்து நிமிஷம்தானே" என்று ஓட்டுவது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பத்து நிமிடம் என்பது நமக்குத்தான். பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு அது எப்போது நிற்கும் என்று தெரியாது. துரப்பணம் பரவாயில்லை, எல்லா வீட்டிலும் ஓடுவதுதான்.

தூசு இன்னொன்று. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்திருக்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை. ஆபத்து இழைப்புளியில் சுருண்டு விழும் சீவலில் இல்லை. சாண்டரில் பறக்கும், கண்ணுக்குத் தெரியாத மாவில் இருக்கிறது. படுக்கும் அறையில் சாண்டர் ஓட்டக் கூடாது. சீவலைப் பெருக்கி அள்ளிவிடலாம். மாவு மெத்தையிலும் ஏசியிலும் போய் உட்காரும்.

மரத்துக்கு லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) பூசுகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த எண்ணெய் காயும்போது சூடு வெளிவிடும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால், சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். துணியை விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். தின்னர் கலந்து ஸ்பிரே அடிக்கும் வேலையை அடுக்குமாடியில் நினைக்கவே வேண்டாம்.

பால்கனியை நம்புகிறவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் லீவு. சாரல் அடிக்கும், காற்றின் ஈரத்தில் உளி ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும். கருவிகளை உள்ளே மூடி போட்ட பெட்டியில், லேசாக எண்ணெய் தடவி வைக்க வேண்டும்.

மொட்டை மாடியும் கார் பார்க்கிங்கும்

நிறையப் பேர் முதலில் இதைத்தான் யோசிக்கிறார்கள். நானும் யோசித்தேன், சங்கத்தில் கேட்டும் பார்த்தேன். கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "இன்னைக்கு இவருக்கு மரவேலை, நாளைக்கு இன்னொருத்தருக்கு கேட்டரிங். யாருக்கு இல்லன்னு சொல்லுவீங்க?" அது நியாயமான கேள்வி. மொட்டை மாடி எல்லாருக்கும் பிரிக்கப்படாத உரிமை உள்ள பொது இடம். 2022-ம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டமும் பொதுப் பகுதியை அப்படித்தான் பார்க்கிறது. அங்கே தகரக் கொட்டகை போடுவதற்காகச் சண்டை போட வேண்டாம். மாதம் ஒருமுறை, ஞாயிறு காலை பதினொன்று முதல் ஒன்று வரை, வேலை முடிந்ததும் பெருக்கிவிடுகிறேன் என்று எழுதிக்கொடுத்துக் கேட்டால் சில சங்கங்கள் ஒப்புக்கொள்ளும். எங்கள் சங்கம் சாண்டர் போட மட்டும் ஒப்புக்கொண்டது. அதுவே பெரிய உதவி.

பார்க்கிங்கில் கருவிகளை வைக்கவே வைக்காதீர்கள். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தரைத்தளத்தில் வேறு வழியில்லை என்றால், மோட்டார் உள்ள எதுவும் இடுப்பு உயரத்துக்குக் கீழே இருக்கக் கூடாது.

ஷட்டர் கடை

தம்பி கேட்ட வழி. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதம் 7,000 என்றால் வருடத்துக்கு 84,000. பத்து மாத அட்வான்ஸ் 70,000 முடங்கிக் கிடக்கும். வாரம் ஆறு மணி நேரம் போகிறீர்கள், வருடத்தில் ஐம்பது வாரம் என்று தாராளமாக வைத்தால் முந்நூறு மணி நேரம். மணிக்கு 280 ரூபாய். உண்மையில் குடும்பம், வேலை, கல்யாணம் காட்சி எல்லாம் போக வாரம் இரண்டு மணி நேரம்தான் போக முடிகிறது என்றால் மணிக்கு 840 ரூபாய். அந்த விலையில் நல்ல தச்சரையே பக்கத்தில் உட்காரவைத்துக் கற்றுக்கொள்ளலாம்.

வாடகையோடு நிற்காது. கடைக்கு மின் இணைப்பு பெரும்பாலும் வணிகக் கட்டண வகையில் இருக்கும். பூட்டிக் கிடந்தாலும் நிலைக்கட்டணம் வரும். வீட்டு இணைப்புக்கு உள்ள இலவச யூனிட் சலுகை அங்கே இல்லை. மெஷின் தின்னும் மின்சாரம் பெரிதல்ல. 1,200 வாட் கட்டிங் மெஷின் ஒரு மணி நேரம் முழுக்க ஓடினால் 1.2 யூனிட்தான். பழைய கடையின் ஒயரிங்தான் கவலை. ஆறு ஆம்பியர் பிளக்கில் 1,200 வாட் மெஷினைச் செருகினால், ஸ்டார்ட் ஆகும் நொடியில் அது இழுக்கும் கரண்டைத் தாங்காது. பதினாறு ஆம்பியர் பிளக்கும், ஷாக் அடித்தால் உடனே டிரிப் ஆகும் பிரேக்கரும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பேச்சை ஆரம்பியுங்கள். ஓனரிடம் "சாமான் வைக்க" என்று சொல்லி எடுத்துவிட்டுப் பிறகு மெஷின் போடக் கூடாது. என்ன வேலை, எந்த நேரம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். மேல் மாடியில் குடியிருப்பு இருந்தால் அந்தக் கடையே வேண்டாம். ஃபிளாட்டில் இருந்த அதே பிரச்சினைக்கு வாடகை கட்டுவதாகிவிடும்.

இவ்வளவு சொன்னாலும் ஷட்டர் கடை சரியாக வரும் இரண்டு நிலைமைகள் உண்டு. ஒன்று, செய்வதை விற்கத் தொடங்கிவிட்டீர்கள், மாதம் நான்கைந்து ஆர்டர் நிச்சயம் வருகிறது. இரண்டு, கூட இரண்டு பேர் இருக்கிறார்கள். மூன்று பேர் சேர்ந்தால் ஆளுக்கு 2,300 சொச்சம். யாராவது ஒருவர் எப்போதும் கடையைத் திறந்துகொண்டிருப்பதால் பூட்டிக்கிடக்கும் வாடகையும் குறையும். யார் எந்த மெஷின் வாங்கியது, ஒருவர் விலகினால் அட்வான்ஸ் எப்படிப் பிரியும் என்பதை முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நண்பர்களுக்குள் இதெல்லாம் எதற்கு என்று விட்ட இடத்தில்தான் நட்பு முறிவதைப் பார்த்திருக்கிறேன்.

கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகளில் ஷெட் கிடைக்குமா என்று சிலர் கேட்பார்கள். கிண்டிப் பேட்டை 1958-லேயே வந்தது. அவை தொழில் நடத்துகிறவர்களுக்கான இடங்கள்; ஷெட்டின் அளவும் வாடகையும் அதற்கேற்றபடிதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைத் தச்சருக்கு அங்கே வேலையில்லை.

மேக்கர் ஸ்பேஸ்

மாதச் சந்தா கட்டி, பொதுவில் உள்ள மெஷின்களைப் பயன்படுத்தும் இடங்கள். மனதுக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பிறந்த ஃபேப் லேப் என்ற பொதுப் பட்டறை ஏற்பாடு, அந்தக் கழகத்துக்கு வெளியே முதலில் வேர்விட்டது நம் நாட்டில்தான்: 2002-ல், புனே மாவட்டத்தின் பாபல் கிராமத்தில் உள்ள விக்யான் ஆசிரமத்தில். மும்பையில் 2013-ல் மேக்கர்ஸ் அசைலம் தொடங்கியது, பிறகு கோவாவுக்கு இடம் மாறியது. பெங்களூரில் வொர்க்பெஞ்ச் புராஜெக்ட்ஸ் அல்சூர் மெட்ரோ நிலையத்தில் இடம்பிடித்தது. கேரளம் கொச்சி களமசேரியில் 2020 ஜனவரியில் சூப்பர் ஃபேப் லேபே திறந்தது.

சென்னையில் நான் பார்த்த நல்ல வசதிகள் பெரும்பாலும் கல்லூரி வளாகத்துக்குள், அங்கே படிக்கும் மாணவர்களுக்கு. ஐ.ஐ.டி. மெட்ராஸில் 2008 முதல் நடக்கும் புத்தாக்க மையமும் அப்படித்தான். இவ்வளவு பெரிய நகரத்தில், ஒரு வங்கி ஊழியரோ இல்லத்தரசியோ ஞாயிறன்று போய் ஒரு பலகையை அறுத்துவிட்டு வர வார்டுக்கு ஒரு பொதுப் பட்டறை இருக்க வேண்டும். நூலகம் இருப்பதுபோல. இதை நான் மனதார விரும்புகிறேன்; மாநகராட்சியின் பயன்படாத கட்டடங்களில் நான்கைந்தில் தொடங்கினாலே போதும்.

உங்கள் பக்கத்தில் தனியார் இடம் ஏதாவது இருந்தால் சந்தா கட்டுமுன் மூன்றைப் பாருங்கள். மரவேலைக்கென்று தனி அறை இருக்கிறதா, அல்லது முப்பரிமாண பிரிண்டரும் லேசர் கட்டரும் மட்டும்தானா? பாதி முடிந்த சாமானை வைத்துவிட்டு வர இடம் தருவார்களா? வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? இருபது நிமிடத்துக்கு மேல் என்றால் முதல் மாதம் நான்கு முறை போவீர்கள், மூன்றாவது மாதம் சந்தா மட்டும்தான் போகும்.

மரவாடியிலேயே அறுத்து வாங்குவது

பலரும் யோசிக்காத, செலவு குறைந்த வழி. மரவாடிகளிலும் அறுவை மில்லிலும் மரம் வாங்கும்போதே அளவுக்கு அறுத்து, நான்கு பக்கமும் இழைத்துத் தருவார்கள்; கூலி தனி. பிளைவுட்டுக்கு, மாடுலர் கிச்சன் வேலை செய்யும் இடங்களில் பேனல் சா என்னும் பெரிய அறுவை மெஷினில் கட்டிங் லிஸ்ட்படி வெட்டி, ஓரத்துக்குப் பட்டி ஒட்டியும் தருகிறார்கள். நம் கையில் கட்டிங் மெஷினைப் பிடித்து வெட்டுவதைவிட அது நேராக இருக்கும்.

இதில் உள்ள ஒரே கஷ்டம், முன்கூட்டியே யோசிக்க வேண்டும். "ஒரு அடி எட்டு அங்குலம், ரெண்டு நூல்" (நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) என்று ஒவ்வொரு துண்டுக்கும் அளவு எழுதி, ரம்பம் தின்னும் இடத்தையும் விட்டுக் கணக்குப் போட வேண்டும். முதல் இரண்டு முறை தப்பும். நான் ஒருமுறை இழைப்பில் போகும் கனத்தை விட மறந்து, ஒரு அலமாரியின் நான்கு பலகையும் ஒரு நூல் மெலிந்து வந்தன. அதன் பிறகு காகிதத்தில் முழுப்படமும் வரையாமல் மரவாடிப் பக்கம் போவதில்லை. இந்தப் பழக்கம் வேலையையே நல்லதாக்கியது.

மரம் வாங்கும்போது ஈரம் பாருங்கள். பச்சை மரத்தை அளவாக அறுத்து வாங்கி வீட்டில் வைத்தால் பத்தே நாளில் முறுக்கிக்கொள்ளும். அதனால்தான் நான் இடித்த வீட்டுச் சட்டங்களைத் தேடிப் போகிறேன். ஐம்பது வருடம் காய்ந்த தேக்கு அது. ஒன்றுதான் கவனம்: உள்ளே ஆணி இருக்கும். ஆணியை முழுக்கப் பிடுங்கிக் காட்டாமல் எந்த மில்லிலும் மெஷினில் ஏற்ற மாட்டார்கள், ஏற்றவும் கூடாது.

தெரிந்த பட்டறையில் ஒரு மூலை

என் முடிவு இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

எல்லா ஏரியாவிலும் தச்சுப் பட்டறை ஒன்றாவது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பாதிப் பட்டறைகள் மூடிக் கிடக்கும், அல்லது அரை நாள் மட்டும் நடக்கும். மெஷின் இருக்கிறது, சத்தத்துக்குப் பழகிய அக்கம்பக்கம் இருக்கிறது, மூன்று ஃபேஸ் கரண்ட் இருக்கிறது. ஒரு நாளைக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டால் இருவருக்கும் நல்லது. ஞாயிறு ஒன்றுக்கு 500 ரூபாய் என்று வைத்தாலும், வருடம் முப்பது ஞாயிறு போனால் 15,000. ஷட்டர் கடை கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

நான் போகும் பட்டறை வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் எட்டு நிமிடம். அதன் உரிமையாளருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். முதலில் நேராகப் போய் "இடம் தருவீர்களா" என்று கேட்டேன், "இன்சூரன்ஸ் யாருப்பா பாப்பாங்க, விரல் போச்சுன்னா?" என்று அனுப்பிவிட்டார். அவர் சொன்னது சரி. பிறகு ஆறு மாதம் அங்கேயே மரம் இழைக்கக் கொடுத்தேன், கூலி கொடுத்தேன், நின்று பார்த்தேன். ஒருநாள் நான் வீட்டில் செய்த மர மூட்டு ஒன்றை எடுத்துப் போய்க் காட்டினேன். அதைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். மூட்டின் தோளில், அதாவது இரண்டு மரமும் ஒட்ட வேண்டிய ஓரத்தில், ஒரு மயிரிழை வெளிச்சம் தெரிந்தது. பேசாமல் தன் உளியை எடுத்து, உட்பக்கத்தை லேசாகக் குழித்துச் சீவினார். மறுபடி சேர்த்தார். வெளிச்சம் மறைந்துவிட்டது. "வெளியில தெரியுற விளிம்பு ஒட்டணும்னா உள்ள கொஞ்சம் பள்ளமா இருக்கணும்" என்றார். அடுத்த ஞாயிறு வரச் சொன்னார்.

அந்த ஒரு சீவலைப் படம் பார்த்து நான் கற்றிருக்க முடியாது. பட்டறை மூலைக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி இதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

பழக வேண்டிய முறைகள் சில உண்டு. அடுத்தவர் உளியையும் இழைப்புளியையும் கேட்காமல் தொடக் கூடாது. ஒவ்வொருவரும் தன் கைக்கு ஏற்றபடி தீட்டி வைத்திருப்பார்கள். நம்முடையதை நம் பெட்டியில் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும். மெஷின் பிளேடு நம் மரத்தில் இருந்த ஆணியால் போனால் கேட்காமலே புது பிளேடு வாங்கிக் கொடுக்க வேண்டும். போகும்போது பெருக்கிவிட்டுப் போக வேண்டும். தை முகூர்த்தங்களுக்கு முன்னால் கதவு, ஜன்னல் வேலை குவிந்திருக்கும். அப்போது ஞாயிறும் வேலை நடக்கும், நமக்கு இடமிருக்காது, அதற்கு முகம் சுளிக்கக் கூடாது. ஆயுத பூஜைக்கு ஒரு எட்டு போய் நின்று, பொரி கடலை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். நம் கருவிப் பெட்டியையும் அன்று அங்கே வைத்துச் சந்தனம் குங்குமம் இடுகிறார்கள். மூன்றாவது வருடம் பட்டறை உரிமையாளரே என் பெட்டியை எடுத்து வைத்தார்.

குறைகளும் உண்டு. பட்டறையில் தூசு நம் வீட்டைவிடப் பல மடங்கு. முகக்கவசமும் காதுக்கு அடைப்பும் நாம்தான் கொண்டுபோக வேண்டும், அங்கே யாரும் போட்டுக்கொள்வதில்லை என்பதற்காக நாமும் விடக் கூடாது. பல மெஷின்களில் பாதுகாப்பு மூடியைக் கழற்றி வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட மெஷினில் நான் கைவைப்பதில்லை. அவரிடமே அறுத்துத் தரச் சொல்லிக் கூலி கொடுத்துவிடுவேன். பெண்கள் இப்படி ஒரு பட்டறையில் இடம் கேட்பது இன்னும் எளிதாக இல்லை என்பதும் உண்மை. எனக்குத் தெரிந்த ஒரு தோழி தன் அப்பாவின் பழைய நண்பர் நடத்தும் பட்டறை வழியாகத்தான் உள்ளே போனார். இப்போது அங்கே அவருக்கென்று ஒரு ஆணி இருக்கிறது, ஏப்ரன் மாட்ட.

ஊர் வீடு, உறவினர் வீடு

ஆவடியிலோ ஊரப்பாக்கத்திலோ தனி வீட்டில் அக்காவோ மாமாவோ இருந்தால், கொல்லைப்புறத்தில் ஒரு தகரக் கூரை போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றும். வாடகை இல்லை. ஆனால் போனால் சாப்பிடாமல் வர முடியாது, சாப்பிட்டுவிட்டு உடனே ரம்பத்தை எடுக்கவும் முடியாது. சொந்த ஊர் என்றால் பொங்கலுக்கும் கோடைக்கும் பெரிய வேலை ஒன்றை அங்கே வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. கட்டில், ஊஞ்சல்பலகை மாதிரி. வாராவாரத்துக்கு ஒத்துவராது.

மரவேலை அல்லாதவர்களுக்கு ஓரிரு வார்த்தை. சால்டரிங், தோல் வேலை, புத்தகக்கட்டு, சின்ன முப்பரிமாண பிரிண்டர் இவற்றுக்கு ஃபிளாட்டே போதும், ஜன்னல் திறந்திருந்தால் சரி. வெல்டிங்கை எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். புகையும் பொறியும் இழுக்கும் கரண்டும் வீட்டுக்கு ஆகாது. லேத் வேலை என்றால் மேலே சொன்ன பட்டறை வழியேதான்.

தம்பிக்கு நான் சொன்னது

ஒரு வாரம் கழித்து நோட்டோடு வந்தார். திட்டமிட்ட புத்தக அலமாரிக்கு அவர் போட்ட கணக்கில் மொத்தம் பதினெட்டு மணி நேரம், அதில் மெஷின் வேலை மூன்றரை. அதிலும் அறுப்பு முழுக்க மரவாடியில் கொடுத்துவிடலாம் என்று அவரே கண்டுபிடித்திருந்தார். டோக்கன் கொடுக்கவில்லை.

பால்கனியை ஒட்டிய அறையில் தூண் மூலையில் ஒரு சின்ன மேசை, ரப்பர் துண்டு, மூடி போட்ட பெட்டி. சாணைக்கல் ஒன்று, உளி மூன்று, இழைப்புளி ஒன்று, மூலைமட்டம், நல்ல ரம்பம். கடை அட்வான்ஸுக்கு வைத்திருந்த பணத்தில் இவ்வளவும் வாங்கிய பிறகும் பெரும்பகுதி மிச்சம். ஆறு மாதம் இப்படி ஓட்டட்டும். நோட்டில் மெஷின் நேரம் மாதம் பதினைந்து மணி நேரத்தைத் தாண்டினால் கடை பற்றி மறுபடி பேசலாம் என்று முடிவு.

பட்டறை தேடும் வேலையை நேற்றே ஆரம்பித்துவிட்டார். அவர் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒன்று இருக்கிறதாம், ஐந்து வருடமாக அந்த வழியாகப் போய்வருகிறார், பார்த்ததே இல்லை. முதல் முறை இடம் கேட்காதே என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு பலகையை இழைக்கக் கொடுத்துவிட்டு, டீ குடிக்கும் நேரம் வரை நின்றுவிட்டு வரட்டும்.